விண்டோஸ், லினக்ஸ், மக்: எது உண்மையில் வளர்ந்தது? பழைய பெட்டிகளுக்கு இனி எதைப் போடலாம்?

பனங்காமம்

வணக்கம் உறவுகளே. மல்லாவிப் பக்கத்தில ஒரு சனசமூக நிலையக் கணினி அறைக்காகக் கேக்கிறன். 12 மேசைக் கணினி. எல்லாம் இன்டெல் நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி சுழலுற ஹாட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுது. அதுக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சுது. 2012 கடைசியில வந்த ஐமக் ஒண்டும் வெளிநாட்டில இருந்து அன்பளிப்பா வந்திருக்கு.

நிர்வாகசபையில மூண்டு கருத்து. ஒருத்தர் விண்டோஸ் 11 ஐ எப்பிடியாவது ஏத்தச் சொல்லுறார், இன்னொருத்தர் லினக்ஸ் எண்டுறார், மூண்டாமவர் "மக் தான் தரம்" எண்டுறார். ரசிகர் சண்டை வேண்டாம். மூண்டும் எப்பிடி வளர்ந்து வந்தது, எதின்ர அடித்தளம் உறுதியானது, எங்கட நிலைமைக்கு எது சரி எண்டு தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ. எங்கட நிலைமை உங்களுக்குத் தெரியும்: மாரியில இடி மின்னலோட கரண்ட் போய்ப் போய் வரும், டேட்டா காசு, பாதி ஆவணம் பாமினி எழுத்துருவில கிடக்கு.

கனகராயன்

முதலில் வரலாறு. அது விளங்கினால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

இந்த மூன்றில் இரண்டு, தங்கள் பழைய அடித்தளத்தை முழுதாகக் கைவிட்டுத்தான் தப்பின. விண்டோஸ் 95, 98, எம்ஈ ஆகியவை டொஸ் என்ற பழைய கட்டளைவரி முறைமையின் மேல் எழுப்பப்பட்டவை. ஒரு மென்பொருள் இன்னொன்றின் நினைவகத்தைத் தொடாதபடி தடுக்கும் பாதுகாப்பு அவற்றில் அரைகுறை. முறைமையின் முக்கிய கோப்புகள் ஏற்றப்படும் நினைவகப் பகுதி எல்லா மென்பொருளுக்கும் பொதுவாகவும் எழுதக்கூடியதாகவும் இருந்தது. எங்கோ ஒரு விளையாட்டு தவறான இடத்தில் எழுதினால் முழுக் கணினியும் நீலத்திரையில் நிற்கும். பயனர் பிரிப்பும் இல்லை, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் எஸ்கேப் அழுத்தினால் உள்ளே போகலாம். மில்லிசெக்கன் கணக்கை 32 பிட்டில் வைத்திருந்ததால் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் தொங்கிவிடும் வழுவும் இருந்தது.

அதே காலத்தில் மைக்ரோசொப்டின் இன்னொரு பக்கத்தில் என்டி என்ற தனி இயங்குதளம் வளர்ந்தது. டிஜிட்டல் நிறுவனத்தில் விஎம்எஸ் என்ற இயங்குதளத்தைச் செய்த டேவ் கட்லர் 1988 இல் வந்து தொடங்கியது அது. 1993 யூலையில் என்டி 3.1 வெளிவந்தபோதே நினைவகப் பாதுகாப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல், யூனிகோட் எல்லாம் அடியிலிருந்தே இருந்தன. ஆனால் குறைந்தது 12 எம்பி ராம் கேட்டது. வீடுகளில் 4 எம்பி இருந்த காலம். அதனால் பொதுமக்களுக்கு அது எட்ட 2001 எக்ஸ்பி வரை ஆனது. இன்றைய விண்டோஸ் 11 உம் அந்த என்டி வழிதான்.

அப்பிள் கதையும் இதே போக்குத்தான். 1984 மக்கின் முகப்பு அழகு, அடித்தளம் பலவீனம். மென்பொருள்கள் தாமாக முறை விட்டுக்கொடுத்தால்தான் மற்றது ஓடும். ஒன்று விட்டுக்கொடுக்காவிட்டால் எல்லாம் உறையும். மக் ஓஎஸ் 9 வரைக்கும் அதுதான் நிலை. கொப்லண்ட் என்ற புதிய முறைமையை எழுத முயன்று 1996 இல் கைவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தார்கள். நெக்ஸ்டின் மாக் (Mach) என்ற கருவும் (கரு என்பது வன்பொருளை நேரடியாக ஆளும் மையப் பகுதி) பிஎஸ்டி யுனிக்ஸும் சேர்ந்த அடித்தளம்தான் 2001 மார்ச்சில் மக் ஓஎஸ் டென் ஆனது.

லினக்ஸ் மட்டும் அடித்தளத்தை மாற்றவில்லை. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கும்போதே 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த யுனிக்ஸின் ஒழுங்கு முன்னால் இருந்தது: பல பயனர், உரிமைப் பிரிப்பு, தனித்தனி நினைவகம். அதன் சிக்கல் மேற்தளத்தில். மேசைத்தளம் தரும் கேடிஈ 2008 இலும் கினோம் 2011 இலும் பழகிய முகப்பைப் புரட்டிப் போட்டன. மின்ட் என்ற லினக்ஸ் வெளியீடு தனக்கென்று சினமன் மேசைத்தளத்தை உருவாக்கியது அந்த மாற்றம் பிடிக்காதவர்களுக்காகத்தான்.

அதனால் என் தீர்ப்பு இதுதான்: அடித்தளத் தரத்தில் இன்று மூன்றும் ஏறத்தாழ ஒரே மட்டம். வேறுபாடு இருப்பது கரண்ட் போகும்போது என்ன நடக்கும், பழைய வன்பொருளை எவ்வளவு காலம் தாங்கும், தமிழை எப்படிக் கையாளும் என்பவற்றில்.

முறிகண்டி

கனகராயன் அண்ணை எழுதினது சரி, ஆனா விண்டோஸ்ட பெரிய பலத்தை விட்டுட்டார். பழைய மென்பொருள் ஓடுறது. 32 பிட்டுக்கு எண்டு 2000 ஆம் ஆண்டில எழுதின எத்தினையோ கணக்கு மென்பொருள் இண்டைக்கும் விண்டோஸ் 11 இல ஓடும். லினக்ஸில கரு பழசை உடைக்காது, அதில டோர்வால்ட்ஸ் கடும் கண்டிப்பு. ஆனா கருவுக்கு மேல இருக்கிற நூலகங்கள் (பல மென்பொருள் பகிருற துணைக் கோப்புகள்) மாறிக்கொண்டே இருக்கும். அஞ்சு வருசத்துக்கு முதல் இறக்கின ஒரு மென்பொருள் இப்ப திறக்குமெண்டு நிச்சயமில்லை. நூலகங்களையும் சேத்துக் கட்டித் தாற பிளாட்பக் முறை வந்தாப் பிறகுதான் அது கொஞ்சம் அடங்கினது. பிளாட்பக் எண்டால் ஒவ்வொண்டுக்கும் நூற்றுக்கணக்கில எம்பி இறங்கும், டேட்டா காசு எண்டு நீங்களே சொல்லுறியள்.

அடுத்தது பிறிண்டர். உங்களிட்ட இருக்கிறது கனன் எல்பிபி 2900 எண்டால் கவனம். அது போஸ்ற்ஸ்கிரிப்ட், பிசிஎல் எண்ட பொதுவான அச்சு மொழியள் ரெண்டும் விளங்காத பிறிண்டர். கப்ட் எண்ட கனனின்ர சொந்த மொழிதான் அதுக்குத் தெரியும். அதுக்கான லினக்ஸ் டிரைவர் பழசு, 64 பிட்டில போட 32 பிட் நூலகங்களைத் தேடிப் போடவேணும். போட்டாலும் பிறிண்டரை நிப்பாட்டிப் போட்டால் சேவை தொங்கும். இதுக்கு மினக்கெடாமல் ஒரு பெட்டியை விண்டோஸிலயே விடுங்கோ. மற்றப் பெட்டியளில இருந்து பிடிஎப் ஆக்கி ஒரு பொதுக் கோப்புறையில போட்டு, அந்த ஒரு பெட்டியில இருந்து அச்சடிக்கலாம்.

வவுனிக்குளம்

கரண்ட் விசயம். இதிலதான் எங்கட பக்கம் அதிகமா இழக்கிறது, அதனால விரிவா எழுதுறன்.

ஃபாட்32 எண்ட பழைய கோப்பு முறைமையில பதிவேடு இல்லை. எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனால் கோப்புப் பட்டியல் ஒண்டு சொல்லும், டிஸ்கில வேற ஒண்டு இருக்கும். விண்டோஸ் 98 காலத்தில ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் டிஸ்க் சோதிக்கிற ஸ்கான்டிஸ்க் ஓடினது அதாலதான். விண்டோஸ்ட என்டிஎப்எஸ், லினக்ஸ்ட எக்ஸ்ட்4, மக்கின்ர எச்எப்எஸ் பிளஸ் மூண்டும் என்ன மாத்தப்போறன் எண்டதை முதல்ல பதிவேட்டில எழுதிப்போட்டுத்தான் மாத்தும். கரண்ட் திரும்பி வர, பதிவேட்டை வாசிச்சுச் செக்கன் கணக்கில சரிசெய்துபோடும். 2017 இல வந்த அப்பிளின்ர ஏபிஎப்எஸ் இன்னும் ஒரு படி மேல: பழைய இடத்தில கை வைக்காமல் புது இடத்தில எழுதி, கடைசியில சுட்டியை மட்டும் மாத்தும்.

ஆனா இதைச் சரியா விளங்கவேணும். பதிவேடு காப்பாத்துறது கோப்பு முறைமையின்ர ஒழுங்கை. நீங்கள் ரைப் பண்ணிக்கொண்டிருந்த கடிதத்தை இல்லை. எக்ஸ்ட்4 வழமையான அமைப்பில 5 செக்கனுக்கு ஒருக்காப் பதிவேட்டை உறுதிப்படுத்தும். ஆனா எழுதவேண்டிய தரவு ராமில 30 செக்கன் வரைக்கும் காத்திருக்கலாம். அதுக்குள்ள கரண்ட் போனால் அந்தத் துண்டு போனதுதான்.

செய்யவேண்டியது:

லிப்ரே ஒபிஸில கருவிகள், விருப்பங்கள், ஏற்று/சேமி, பொது எண்டு போனால் தானியங்கி மீட்புத் தகவல் 10 நிமிசத்துக்கு ஒருக்கா எண்டு இருக்கும். அதை 2 ஆக்குங்கோ.

பென்டிரைவ். விண்டோஸ் 10 இல டக்கெண்டு கழட்டுறதுக்கு ஏத்த மாதிரித்தான் வச்சிருக்கு. லினக்ஸில கொப்பி முடிஞ்சுது எண்டு திரை காட்டினாலும் பாதி ராமில நிக்கும். வெளியேற்று எண்டதை அழுத்தி, பாதுகாப்பாக் கழட்டலாம் எண்டு வந்தாப் பிறகுதான் கழட்டவேணும். விண்டோஸில பழகின பிள்ளையள் லினக்ஸுக்கு வந்த உடன "கோப்பு கெட்டுப்போச்சு" எண்டு சொல்லுறதில முக்கால்வாசி இதுதான்.

மின்வெட்டு நேரம் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தால்: விண்டோஸ் அடுத்தமுறை எழும்பேக்க மாத்தங்களைப் பின்வாங்கும். சுழலுற டிஸ்கில அது நீளமா இழுபடும். அந்த நேரம் அவசரப்பட்டுச் சுவிட்சை நிப்பாட்டக்கூடாது. மின்டில பொதி நிறுவல் நடுவில நிண்டால், அடுத்த புதுப்பிப்பு "பொதி மேலாளர் இடைநிறுத்தப்பட்டது" எண்டு சொல்லி நிக்கும். அது காட்டுற ஒருவரிக் கட்டளையை அப்பிடியே முனையத்தில குடுத்தால் விட்ட இடத்தில இருந்து முடிக்கும். கரு புதுப்பிக்கேக்க கெட்டால் எழும்பேக்க வாற குரப் பட்டியலில மேம்பட்ட தெரிவுகளுக்குள்ள பழைய கரு இருக்கும், அதில எழும்பலாம். இந்த ஒரு விசயத்தில லினக்ஸ் எனக்குக் கூடப் பிடிக்கும்.

650 விஏ யூபிஎஸ் ஒண்டுக்கு ஒரு பெட்டி மட்டும் கொழுவுங்கோ. அதுக்குள்ள இருக்கிறது 12 வோல்ற் 7 அம்பியர்மணி பற்றறி. ஓட்டுஅறை வெக்கையில அது கெதியா இறங்கும். ஒழுங்கா நிப்பாட்ட 10 நிமிசம் கிடைச்சால் காணும். லேசர் பிறிண்டரை அதில கொழுவவே வேண்டாம், சூடேறேக்க இழுக்கிற இழுவைக்கு யூபிஎஸ் விழுந்திடும்.

பனங்காமம்

நன்றி வவுனிக்குளம். விண்டோஸ் 11 பற்றி ஆராவது சொல்லுங்கோ. நாலாம் தலைமுறைக்கு ஏறுமா?

முறிகண்டி

ஏத்தலாம், ஆனா நான் ஏத்தச் சொல்லமாட்டன். விண்டோஸ் 11 கேக்கிறது: இன்டெல் எண்டால் எட்டாம் தலைமுறையும் அதுக்கு மேலயும், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, பாதுகாப்பான தொடக்கம், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். உங்கட பெட்டியள் முதல் ரெண்டிலயும் விழும். ரூபஸ் மென்பொருளால பென்டிரைவ் செய்யேக்க அந்தச் சோதினையளை நீக்கலாம். ஏறும், ஓடும். பிறகுதான் சிக்கல்: வருசாவருசம் வாற பெரிய பதிப்பு தானா வராது, ஒவ்வொரு முறையும் ஆராவது 12 பெட்டிக்கும் கையால போடவேணும். ஆதரிக்காத வன்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 4 ஜிபி ராமும் சுழலுற டிஸ்கும் எண்டால் பிள்ளையள் காத்திருந்து களைச்சுப்போவினம்.

விண்டோஸ் 10 ஐ வச்சிருக்கப்போற பெட்டிக்கு: 22எச்2 பதிப்பு எண்டால் வீட்டுப் பாவனைக்கான நீடிச்ச பாதுகாப்புத் திருத்தத்தில பதியலாம், 2026 ஒக்டோபர் 13 வரை. செற்றிங்கில புதுப்பிப்புப் பக்கத்திலயே பதியிற இணைப்பு வரும். மைக்ரோசொப்ட் கணக்கில அமைப்புகளை ஒத்திசைச்சால் காசில்லை, இல்லாட்டி 30 டொலர். நிறுவனங்களுக்கு வேற கட்டண முறை. உங்கட நிலையம் எதுக்குள்ள வரும் எண்டதை முதல் பாருங்கோ.

ஒட்டுசுட்டான்

தமிழ் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கணினி அறையில் தினமும் சிக்கல் தரப்போவது இதுதான்.

விண்டோஸில் யூனிகோட் தமிழ் 2000 பதிப்பில் லதா எழுத்துருவுடன் வந்தது. எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துவடிவங்களுக்கான பெட்டியைத் தெரிவுசெய்து, சிடியையும் போட்டால்தான் கொம்பும் விசிறியும் இடத்தில் நிற்கும். லினக்ஸில் ஒரு காலத்தில் கினோமுக்கு ஒரு எழுத்து வடிவமைப்பான், கேடிஈக்கு இன்னொன்று என்று இருந்தது. ஒன்றில் சரியாகத் தெரிவது மற்றதில் உடையும். இப்போது பயர்பொக்ஸ், குரோம், லிப்ரே ஒபிஸ், அன்ட்ரொய்ட் எல்லாமே ஹாப்பஸ் என்ற ஒரே வடிவமைப்பானையே பயன்படுத்துவதால் அந்தக் கரைச்சல் தீர்ந்துவிட்டது.

பாமினி ஆவணங்கள்: எழுத்துருக் கோப்பை மின்டில் இரட்டைச் சொடுக்கிட்டு நிறுவினால் அப்படியே தெரியும். கவனிக்கவேண்டியது தானியங்கித் திருத்தம். பாமினி என்பது ஆங்கில விசைகளின் மேல் வரைந்த தமிழ் உருவங்கள். வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி திறந்திருந்தால் ஜே விசையில் இருக்கும் 'த' பெரிய ஜே ஆகி 'து' என்று மாறும். எஃப் விசையில் இருக்கும் 'க' 'கு' ஆகும். "தங்கள் கடிதம்" என்று தொடங்கியது "துங்கள் கடிதம்" என்று அச்சாகும். வேர்டிலும் லிப்ரே ஒபிஸிலும் முதல் வேலையாக அந்த வசதியை நிறுத்துங்கள். புதிதாக எழுதுவதை யூனிகோடில் மட்டும் எழுதப் பழக்குங்கள். மின்டில் தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ், ஐபஸ் எம்17என் இரண்டையும் நிறுவினால் ரெங்கநாதன் விசைப்பலகை உட்படப் பல கிடைக்கும்.

அடுத்தது பெயர் நீளம். என்டிஎப்எஸ் ஒரு கோப்புப் பெயருக்கு 255 குறியீடு தரும், தமிழோ ஆங்கிலமோ ஒரே கணக்கு. எக்ஸ்ட்4 தருவது 255 பைட். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் போகும், ஆக 85 குறியீடுதான். 'கி' என்பதே இரண்டு குறியீடு. "2023 ஆம் ஆண்டு மாவட்ட மட்டத் தமிழ்த்தினப் போட்டி முடிவுகளும் பங்குபற்றிய மாணவர் பெயர்ப்பட்டியலும் திருத்தியது" என்று பெயர் வைத்த கோப்பு விண்டோஸில் நிம்மதியாக இருக்கும், லினக்ஸுக்குக் கொப்பி செய்யும்போது "பெயர் நீளம் கூடியது" என்று நிற்கும். மாற்றத்துக்கு முன்பே பெயர்களைச் சுருக்குங்கள்.

ஐமக் இதில் தனிச் சிக்கல் தரும். எச்எப்எஸ் பிளஸ் கோப்புப் பெயரைப் பிரித்துச் சேமிக்கும். "கோப்பு" என்பதில் உள்ள ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு தனிக் குறியீடாக்கிவிடும். கண்ணுக்கு ஒரே பெயர், லினக்ஸ் பார்வையில் இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் இரண்டு "கோப்பு" நிற்பதும், தேடினால் ஒன்று அகப்படாததும் அதனால்தான். ஏபிஎப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வைத்திருக்கும்.

கனகராயன்

ஒட்டுசுட்டான் எழுதியது பெறுமதியானது. அதோடு சேர்த்து நேரம் பற்றி ஒன்று, இது எங்கள் மண்ணுக்கே உரியது.

ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்தால் மாறி மாறி எழுப்பும்போது மணிக்கூடு 5 மணி 30 நிமிடம் பிழைக்கும். விண்டோஸ் தாய்ப்பலகை மணிக்கூட்டில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலக நேரத்தை எழுதும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, ஒருமுறை மாற்றினால் போதும்.

பழைய கோப்புகளில் இன்னும் நுணுக்கம். இலங்கையின் நேரம் 1996 மேயில் 6.30 ஆகவும் ஒக்டோபரில் 6.00 ஆகவும் மாறி, 2006 ஏப்ரலில்தான் 5.30 க்குத் திரும்பியது. அந்தக் காலத்தில் வன்னியில் பழைய 5.30 நேரமே நடைமுறையில் இருந்தது. லினக்ஸின் நேர வலயத் தரவில் கொழும்புக்கான இந்த மாற்றங்கள் முழுதாக உண்டு. ஃபாட்32 கோப்பில் இருப்பது எழுதிய கணினியின் சுவர்நேரம். 2003 இல் கிளிநொச்சியில் காலை 10.00 க்குச் சேமித்த கோப்பை லினக்ஸில் கொழும்பு வலயத்துடன் திறந்தால், வாசிக்கும்போது இன்றைய 5.30 ஐக் கழித்து, காட்டும்போது 2003 க்குரிய 6.00 ஐக் கூட்டி, 10.30 என்று காட்டும். எக்ஸ்பி போன்ற பழைய விண்டோஸ் ஒரு வலயத்துக்கு ஒரே விதிதான் வைத்திருந்தது, அது 10.00 என்றே காட்டும். அந்த ஆண்டுகளின் படங்கள், பதிவுகளை ஆவணப்படுத்துபவர்கள் அந்தக் கணினியின் வலயத்தைக் கொல்கத்தா என்று வைத்துவிட்டுக் கொப்பி செய்யுங்கள். அரை மணித்தியாலம் சில ஆவணங்களுக்கு மிக முக்கியம்.

நெடுங்கேணி

மக் பற்றி நல்லதும் சொல்லவேண்டும். 2024 யூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அந்த மென்பொருள் கருவுக்குள் ஓடியதே காரணம். அப்பிள் 2019 இல் கட்டலினா என்ற மக் பதிப்பில் இருந்தே வெளியார் மென்பொருளைக் கருவுக்கு வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது. அடித்தளத் தரம் ஒரே மட்டம் என்று கனகராயன் சொன்னதை அதனால் நான் முழுதாக ஏற்கமாட்டேன்.

ஆனால் இந்த ஐமக்குக்கு அப்பிள் தரும் கடைசிப் பதிப்பும் அதே கட்டலினாதான். 2022 க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் இல்லை. 2025 இல் வந்த டாஹோ என்ற பதிப்புத்தான் இன்டெல் மக்குகளுக்கான கடைசிப் பதிப்பு. திரை நல்ல திரை, அதில் மின்டைப் போட்டுப் பயன்படுத்துங்கள். வைபை சில்லு புரோட்கொம், அதற்கான டிரைவரை டிரைவர் மேலாளர் தரும். நிறுவும்போது கேபிள் இணைப்பு வேண்டும்.

கனகராயன்

நெடுங்கேணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்டியே முதலில் வரைகலையைக் கருவுக்கு வெளியே வைத்திருந்தது. வேகத்துக்காக 1996 இல் என்டி 4.0 இல் உள்ளே கொண்டுவந்தார்கள். அந்த ஒரு முடிவின் விலையை நீண்ட காலம் கொடுத்தார்கள்.

பனங்காமம்

11 பெட்டிக்கு மின்ட் எக்ஸ்எப்சிஈ (இலேசான மேசைத்தளம் உள்ள பதிப்பு), ஒண்டு பிறிண்டருக்காக விண்டோஸ் 10 எண்டு சபையில சொல்லப்போறன். ஐமக்குக்கும் மின்ட். டேட்டாவை எப்பிடிக் குறைக்கலாம்? சில பெட்டி வைபை டொங்கிளில ஓடுது.

வவுனிக்குளம்

முதல் காசு இருந்தால் ஒவ்வொண்டுக்கும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. சுழலுற டிஸ்க் ஒரு செக்கனில நூறு தரம் மட்டிலதான் இடம்மாறி வாசிக்கும், எஸ்எஸ்டி பல ஆயிரம் தரம். ராமைக் கூட்டுறதுக்கு முதல் இதைச் செய்யுங்கோ. பெட்டியைத் திறக்கேக்க சிஆர்2032 பற்றறியையும் மாத்திவிடுங்கோ. அது செத்தால் திகதி பின்னுக்குப் போய், உலாவி எல்லாப் பக்கத்தையும் பாதுகாப்பில்லை எண்டு மறிக்கும்.

மின்ட் 22 தொகுதிக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு. நிறுவுற ஐஎஸ்ஓ கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி, ஒருக்கா இறக்கினால் காணும். இறக்கினாப் பிறகு சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பாக்காமல் பென்டிரைவில எழுதவேண்டாம். இடையில அறுந்து இறங்கின ஐஎஸ்ஓ நிறுவல் பாதியில நிக்கும், நீங்கள் டிஸ்க் பழுது எண்டு நினைப்பியள்.

ஒரு பெட்டியில ஆப்ட் கஷர் என்ஜி எண்ட பொதியைப் போடுங்கோ. மற்றப் பெட்டியளுக்கு அதின்ர முகவரியையும் 3142 வாயிலையும் குடுத்தால், ஒரு புதுப்பிப்பு இணையத்தில இருந்து ஒருக்கா மட்டும் இறங்கும், மிச்சம் உள்வலையமைப்பால போகும். அதுக்கு டொங்கிளை விட்டுப்போட்டு 16 போர்ட் ஸ்விச் ஒண்டு வாங்கிக் கேபிள் இழுங்கோ. ஸ்விச்சையும் ரவுட்டரையும் ஒரு யூபிஎஸ்ஸில கொழுவி, மாரியில இடி முழங்கத் தொடங்கினால் வெளியில இருந்து வாற இணைப்பு வயரைக் கழட்டிவிடவேணும். மின்னல் கூடுதலா அந்த வழியாத்தான் உள்ளுக்க வாறது.